சிவப்பு அட்டைக்குப் பிறகு: சிறுவர் கால்பந்தில் நடுவர் எதுவரை, விழாக்குழு எங்கிருந்து?

கோடை விடுமுறை வந்தால் மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் டோர்னமென்ட் நோட்டீஸ் சுவரேறிவிடும். பள்ளி திறந்ததும் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் போட்டிகள் வரிசைகட்டும். இடையில் சுப்ரதோ கோப்பைத் தகுதிச் சுற்று, முதலமைச்சர் கோப்பை. போட்டி எதுவானாலும் சில தகராறுகள் மட்டும் மாறுவதில்லை:

1. காலையில் சிவப்பு அட்டை வாங்கிய பையன் மாலை ஆட்டத்தில் இறங்கலாமா?
2. தீர்ப்பு பிடிக்காமல் கோச் டீமை வெளியே கூப்பிட்டுவிட்டார். எதிரணி ஜெயித்ததாகிவிடுமா?
3. பெஞ்சிலிருந்து யாரோ கத்தியதற்கு பி.டி. சாருக்கு ஏன் அட்டை?

மூன்றாவதற்கு ஆட்ட விதிகளிலேயே நேரான பதில் உண்டு. முதல் இரண்டுக்கும் விதிப்புத்தகம் ஓரளவு சொல்லிவிட்டு, மீதியைப் போட்டியை நடத்துபவர்களிடம் விட்டுவிடுகிறது. நடத்துபவர்கள் அந்த மீதியை எழுதி வைப்பதில்லை. மைதானச் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன. திட்டு மட்டும் நடுவருக்குப் போய்ச் சேருகிறது.

இரண்டு புத்தகங்கள்

முதலாவது, ஆட்ட விதிகள். ஐஃபாப் எனப்படும் சர்வதேச கால்பந்துச் சங்க வாரியம் வெளியிடுவது. மொத்தம் 17 விதிகள். திருத்தங்கள் இப்போது ஆண்டுதோறும் ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வருகின்றன. நம் விஷயத்துக்கு முக்கியமானவை ஐந்து: ஆட்டக்காரர் எண்ணிக்கை (3), உடுப்பும் உபகரணமும் (4), நடுவர் (5), ஆட்ட நேரம் (7), ஃபவுலும் தவறான நடத்தையும் (12). சிறுவர் ஆட்டத்துக்கு மைதான அளவு, பந்தின் அளவு, ஆட்ட நேரம், மாற்றப்பட்டு வெளியே போனவர் மீண்டும் உள்ளே வருவது போன்றவற்றை மாற்றிக்கொள்ள அனுமதி உண்டு. எது ஃபவுல், எதற்கு எந்த அட்டை என்பதை மாற்ற அனுமதி இல்லை.

இரண்டாவது, போட்டி விதிமுறை. இதை எழுத வேண்டியது விழாக்குழு. நம் ஊர் நோட்டீசில் நுழைவுக் கட்டணம், பரிசுத் தொகை, அரைப் பக்கத்துக்கு உபயதாரர் பெயர்கள், கடைசியில் ‘நடுவரின் தீர்ப்பே இறுதியானது’ என்ற ஒரு வரி, அதோடு சரி. அந்த ஒரு வரியை நம்பி முப்பது அணிகளை இறக்குகிறார்கள்.

அந்த வரி உண்மைதான். ஆனால் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. கோலா இல்லையா, ஃபவுலா இல்லையா, அட்டை மஞ்சளா சிவப்பா என, ஆட்டத்தில் நடந்த சம்பவங்களைப் பற்றி நடுவர் சொல்வதே இறுதி. சிவப்பு அட்டை வாங்கியவருக்கு எத்தனை ஆட்டம் தடை, கைவிடப்பட்ட ஆட்டத்தில் யாருக்கு வெற்றி ஆகிய இரண்டும் நடுவரின் வேலை அல்ல. அவர் அறிக்கை எழுதிக் கொடுத்ததோடு அவர் பங்கு முடிகிறது. நடுவரைச் சூழ்ந்துகொண்டு “அவனுக்கு எத்தனை மேட்ச் போடப் போறீங்க?” என்று கேட்பது ஆள் மாறிக் கேட்பது.

விசிலுக்கு முன்பே தொடங்கும் அதிகாரம்

பலர் நினைப்பதுபோல நடுவரின் அதிகாரம் முதல் விசிலில் தொடங்கி கடைசி விசிலில் முடிவதில்லை. ஆட்டத்துக்கு முந்தைய பரிசோதனைக்காக அவர் மைதானத்துக்குள் கால் வைக்கும்போதே தொடங்குகிறது. ஆட்டம் முடிந்து மைதானத்தை விட்டு வெளியேறும்வரை நீடிக்கிறது. கைகுலுக்கும் நேரத்தில் எதிரணிப் பையனை முட்டித் தள்ளினாலும் அட்டை உண்டு. பட்டியலில் பெயர் கொடுத்த பின், ஆட்டம் தொடங்கும் முன் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கினால் பட்டியலில் உள்ள சப் (மாற்று ஆட்டக்காரர்) ஒருவர் அவரிடத்தில் இறங்கலாம்; அணி 11 பேரோடுதான் தொடங்கும். தொடங்கிய பின் வாங்கினால் அந்த இடம் காலிதான்.

கயிறு, காப்பு, மாலை

நான்காவது விதி சுருக்கமாகச் சொல்வது: நகை எதுவும் கூடாது. சங்கிலி, மோதிரம், கம்மல், கைச்செயின், தோல் பட்டை, ரப்பர் பேண்ட் எல்லாம் கழற்றப்பட வேண்டும். மேலே டேப் சுற்றி மறைத்தால் போதும் என்பதை விதி வெளிப்படையாகவே மறுக்கிறது. மோதும்போது நகையில் எதிரணியின் விரலோ முகமோ மாட்டினால் என்ன ஆகும் என்பதே இதன் காரணம்.

நம் பக்கத்தில் இது எளிதான வேலை அல்ல. திருவிழாக் காப்பு, கோயில் கயிறு, கார்த்திகை பிறந்தால் ஐயப்ப மாலை. மாலை போட்டவர் செருப்பே போடாமல் நடப்பார்; விதியோ ஷூ, சாக்ஸ், ஷின்கார்டு மூன்றையும் கட்டாயமாக்குகிறது. நடுவர் கோட்டருகே நின்று “கழற்று” என்றால் பையன் அழுவான், அப்பா சண்டைக்கு வருவார். நடுவருக்கு விலக்களிக்கும் உரிமை கிடையாது. ஆகவே இதை அணியின் மேலாளர்தான் ஆட்டத்துக்குச் சில நாள் முன்பே வீட்டாரிடம் பேசி முடித்திருக்க வேண்டும். விரதம் முடியும்வரை அந்தப் பையனைப் பட்டியலில் சேர்க்காமல் இருப்பது மைதானத்தில் அவமானப்படுத்துவதைவிட மேல்.

வண்ணக் கயிறு இன்னும் நுட்பமான விவகாரம். தென்மாவட்டப் பள்ளிகளில் மணிக்கட்டுக் கயிறு சாதி அடையாளமாகப் பயன்படுகிறது என்பது ஊரறிந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் அரசிடம் அளித்த அறிக்கையும் வண்ணக் கயிறு, மோதிரம் போன்றவற்றைப் பள்ளியில் தடை செய்யப் பரிந்துரைத்தது. கால்பந்து நடுவருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது: அவர் காரணம் கேட்க வேண்டியதே இல்லை. என்ன கயிறு, யார் கட்டியது என்று கேட்கவே கூடாது. “நாலாவது விதி, எல்லாருக்கும் ஒண்ணுதான், கழற்றி மேலாளரிடம் கொடு” என்பதற்கு மேல் ஒரு சொல் பேசினால் அது வேறு பஞ்சாயத்தாகிவிடும். இரு அணிகளையும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் நிறுத்திப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

ஃபவுலின் மூன்று படிகள்

பன்னிரண்டாவது விதியின் உயிர்நாடி இது.

1. கவனக்குறைவு: எதிராளி இருப்பதைப் பார்க்காமல் மோதுவது. ஃப்ரீ கிக் மட்டும்; அட்டை இல்லை.
2. பொறுப்பின்மை: எதிராளிக்கு ஆபத்து என்று தெரிந்தும் அதைப் பொருட்படுத்தாமல் இறங்குவது. மஞ்சள் அட்டை.
3. மிதமிஞ்சிய வலு: தேவைக்கு மேல் பலம் காட்டி, எதிராளியின் உடலுக்குத் தீங்கு நேரும்படி இறங்குவது. சிவப்பு அட்டை.

“அவன் பந்தைத்தானே தொட்டான்!” என்பது பெற்றோர் வரிசையில் அடிக்கடி கேட்கும் வாதம். பந்தைத் தொட்டது கணக்கே அல்ல. பந்தைத் தொட்டுவிட்டு அதே வேகத்தில் எதிராளியின் முழங்காலில் ஷூவின் அடியில் உள்ள ஸ்டட் பதிந்தால் அது மூன்றாம் படி.

நம் மைதானங்களில் பல கட்டாந்தரை. தொடை உரிந்துவிடும் என்பதால் சறுக்கி டேக்கிள் செய்வது குறைவு. அதற்குப் பதில் நின்ற நிலையில் காலை உயர்த்தி விடுவதும், ஹெட்டருக்குத் தாமதமாக எழும்பி முழங்கையை விரிப்பதும் அதிகம். புதிய நடுவர்கள் தவறவிடுவது இந்த இரண்டையும்தான். கால் எந்த உயரத்தில் பட்டது (கணுக்காலா, அதற்கு மேலா), முழங்கால் மடங்கியிருந்ததா விறைத்திருந்ததா, கை சமநிலைக்காக விரிந்ததா அடிக்க விரிந்ததா என்று பார்த்தால் படி தானாகத் தெரியும்.

“முதல்ல வார்னிங் கொடுத்தாரா?” என்பது அடுத்த வாதம். எச்சரிக்கை கொடுத்துவிட்டுத்தான் அட்டை காட்ட வேண்டும் என்று விதி இல்லை. முதல் நிமிடத்திலேயே சிவப்பு காட்டலாம். அதேபோல, சின்னச் சின்ன ஃபவுலாகவே திரும்பத் திரும்பச் செய்தாலும் மஞ்சள் உண்டு. எத்தனையாவது ஃபவுலில் என்று எண்ணிக்கை கிடையாது, நடுவரின் கணிப்பு.

‘கடைசி ஆள்’ என்ற மாயை

கடைசித் தடுப்பாட்டக்காரர் ஃபவுல் செய்தால் சிவப்பு என்று ஊரே நம்புகிறது. ‘கடைசி ஆள்’ என்ற சொல்லே விதியில் இல்லை. தெளிவான கோல் வாய்ப்பு பறிபோனதா என்பதே கேள்வி. அதற்கு நான்கு அளவுகோல்: ஃபவுல் நடந்த இடத்துக்கும் கோலுக்கும் உள்ள தூரம், ஆட்டம் கோலை நோக்கிப் போனதா, பந்து ஆட்டக்காரரின் கட்டுப்பாட்டில் இருந்ததா அல்லது வந்திருக்குமா, மற்ற தடுப்பாட்டக்காரர்கள் எங்கே, எத்தனை பேர். நான்கும் சேர்ந்தால் சிவப்பு.

2016-இல் இதில் ஒரு தளர்வு வந்தது. பெனால்டி பகுதிக்குள், பந்தை எடுக்க முயலும்போது ஃபவுலாகி பெனால்டி கொடுக்கப்பட்டால் மஞ்சள் போதும். பிடித்து இழுத்தாலோ தள்ளினாலோ பெனால்டியும் உண்டு, சிவப்பும் உண்டு. ஒரே ஆட்டத்தில் பெனால்டி பகுதிக்கு வெளியே நடந்ததற்குச் சிவப்பும் உள்ளே நடந்ததற்கு மஞ்சளும் காட்டினால் கூட்டம் கொதிக்கும். நடுவர் அங்கே சரியாகத்தான் செய்திருப்பார்.

வாய்

சிறுவர் ஆட்டங்களில் கணிசமான அட்டைகள் வாயால் வாங்குபவை. விதி இங்கே இரண்டு வகை பிரிக்கிறது. தீர்ப்பை எதிர்த்துக் கத்துவது, கையை வீசிக் கேலி செய்வது மஞ்சள். இழிவாகவோ ஆபாசமாகவோ திட்டுவது, சைகை காட்டுவது சிவப்பு. யாரைத் திட்டினாலும் அதுதான். சொந்த அணிக்காரனைத் திட்டினாலும் அதுதான். அம்மாவை இழுத்துத் திட்டுவதை ‘சும்மா பேச்சுவழக்கு’ என்று விட்டுவிடும் நடுவர் பத்தே நிமிடத்தில் அடிதடியைப் பிரிக்க வேண்டியிருக்கும். சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் யோசிக்கவே இடமில்லை: சிவப்பு, அந்தச் சொல் அப்படியே அறிக்கையில்.

நடுவரைக் கூட்டமாகச் சூழ்வதைத் தடுக்க ‘கேப்டன் மட்டும்’ என்ற வழிகாட்டுதலை ஐஃபாப் 2024-இல் கொண்டுவந்தது. நடுவரை அணுகிப் பேச கேப்டனுக்கு மட்டுமே இடம். மற்றவர்கள் நெருங்கினால் மஞ்சள் வரலாம். கேப்டன் கோல்கீப்பராக இருந்தால் அவருக்காகப் பேச ஒருவரை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சிறுவர் ஆட்டத்துக்கு இதைவிட உதவியான ஏற்பாடு அண்மையில் வரவில்லை. டாஸ் போடும்போது ஒரு நிமிடம் விளக்கினால் போதும்.

சூட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. ஏப்ரல், மே வெயிலில் 3 மணிக்கு ஆட்டம் வைத்துவிட்டுப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. ஒரு நிமிடத்துக்கு மிகாத தண்ணீர் இடைவேளையையும், ஒன்றரை முதல் மூன்று நிமிடக் குளிர்ச்சி இடைவேளையையும் ஏழாவது விதி அனுமதிக்கிறது. பாதியின் நடுவில் வரும் அந்த இடைவேளையில் இரு கேப்டன்களையும் தனியே கூப்பிட்டு நான்கு வார்த்தை பேசும் நடுவருக்கு, மீதி நேரத்தில் அட்டைப் பை அவ்வளவாகத் திறக்காது.

பெஞ்சும் கோட்டுக்கு வெளியே நிற்பவர்களும்

2019 முதல் கோச், மேலாளர் உள்ளிட்ட அணி அலுவலர்களுக்கும் மஞ்சள், சிவப்பு காட்டலாம். தவறு செய்தது யார் என்று தெரியாவிட்டால், அங்கே இருக்கும் மூத்த கோச் அட்டையை வாங்கிக்கொள்ள வேண்டும். பி.டி. சாருக்கு அட்டை ஏன் என்ற கேள்விக்கு விடை இதுதான். பெஞ்சை அடக்குவது அவர் பொறுப்பு என்பது விதியின் எண்ணம்.

பெற்றோருக்கு அட்டை காட்ட முடியாது, அவர்கள் பார்வையாளர்கள். அவர்களால் ஆட்டம் நடத்த முடியாத நிலை வந்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தலாம், இடைநிறுத்தலாம், கைவிடலாம். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று “விடாதே, காலைப் பாரு” என்று ஏற்றிவிடும் சித்தப்பாவை அகற்றுவது விழாக்குழுவின் வேலை. அதே சித்தப்பாவின் பெயரை அணிப் பட்டியலில் ‘மேலாளர்’ என்று எழுதிக் கொடுத்திருந்தால் அவருக்குத் தாராளமாக அட்டை காட்டலாம். பட்டியலில் பெயர்களை வாரி எழுதும் அணிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

சிவப்பு வாங்கியவர் மைதானத்தின் அருகிலும் பெஞ்சிலும் இருக்கக் கூடாது. பல ஊர் மைதானங்களில் உடைமாற்றும் அறையே கிடையாது. பதின்மூன்று வயதுப் பையனைக் கோபத்தோடும் அழுகையோடும் தனியே ரோட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. அணியின் பெரியவர் ஒருவர் கூடவே போக வேண்டும்.

சில நிமிடம் வெளியே

மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே தற்காலிக வெளியேற்றம் என்று ஒன்று உண்டு. 2017 முதல் சிறுவர், மூத்தோர், மாற்றுத்திறனாளி, அடிமட்ட ஆட்டங்களுக்கு இதை அனுமதித்திருக்கிறார்கள். தேசியச் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். மஞ்சள் வாங்கியவர் மொத்த ஆட்ட நேரத்தில் 10 முதல் 15 சதவீதம் வெளியே உட்கார வேண்டும். 30 நிமிடமாக இரு பாதி ஆடினால் 6 முதல் 9 நிமிடம். எல்லா மஞ்சளுக்கும் வைக்கலாம், அல்லது வாய் பேசியதற்கு மட்டும் வைக்கலாம். எது என்பதை முன்பே அறிவிக்க வேண்டும். அவர் வெளியேறிய பின் ஆட்டம் மீண்டும் தொடங்கும் கணத்தில் கடிகாரம் ஓடத் தொடங்கும். இதை அளக்க நடுவரைத் தவிர இன்னொருவர் தேவை. லைன்ஸ்மேன்கூட இல்லாத டோர்னமென்டில் இதைக் கொண்டுவந்தால் ‘நேரம் முடிஞ்சிருச்சு, முடியலை’ என்று புதுச் சண்டைதான் மிஞ்சும்.

அறிக்கை: நாலு வரி, நிறைய எடை

தண்டனையைத் தீர்மானிக்கும் குழுவுக்குக் கண்ணும் காதும் நடுவரின் அறிக்கைதான். வழக்கமாக வருவது இப்படி: ‘8-ஆம் எண் ஆட்டக்காரர் ஒழுங்கீனமாக நடந்துகொண்டதால் வெளியேற்றப்பட்டார். அவர்மீது கடும் நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்.’ இதில் தகவலே இல்லை; இல்லாத அதிகாரம் மட்டும் இருக்கிறது. எழுத வேண்டியது இப்படி:

‘52-ஆவது நிமிடம். நீல அணி எண் 8. பந்து ஆட்டத்தில் இல்லை. சிவப்பு அணியின் த்ரோ-இன். எண் 8, சிவப்பு அணி எண் 4-இன் கன்னத்தில் வலது கையால் அறைந்தார். முன்னதாக எண் 4 எதுவும் செய்ததை நான் பார்க்கவில்லை. சுமார் 8 மீட்டர் தூரத்தில் இருந்தேன், இடையில் யாரும் இல்லை. காயம் இல்லை. வன்முறை நடத்தைக்காகச் சிவப்பு அட்டை. த்ரோ-இன்னுடன் ஆட்டம் தொடர்ந்தது.’

நிமிடம், எண், பந்து ஆட்டத்தில் இருந்ததா, உடலின் எந்தப் பகுதியில் எது பட்டது, தூரம், காயம், எப்படி ஆட்டம் தொடர்ந்தது. வசையாக இருந்தால் பேசிய சொற்கள் அப்படியே. ‘ஆபாசமாகப் பேசினார்’ என்று எழுதினால், ‘நான் அப்படிப் பேசலை’ என்ற மறுப்புக்கு முன் அது நிற்காது.

விழாக்குழு முன்கூட்டியே எழுத வேண்டியவை

1. சிவப்புக்கு எத்தனை ஆட்டம்: குறைந்தது அடுத்த ஓர் ஆட்டம் தடை என்பதே பொது நடைமுறை. ஃபிஃபாவின் ஒழுங்கு விதித்தொகுப்பை அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம்: கோல் வாய்ப்பைப் பறித்ததற்கு ஓர் ஆட்டம், கடுமையான ஃபவுலுக்குக் குறைந்தது 2, எதிராளியை அடித்ததற்குக் குறைந்தது 3. ஆட்ட அலுவலரைத் தாக்கினால் குறைந்தது 15 ஆட்டம் அல்லது அதற்கேற்ற காலத் தடை.

2. மஞ்சள் கூடினால்: வெவ்வேறு ஆட்டங்களில் வாங்கும் மஞ்சள்கள் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆட்ட விதிகள் பேசுவதில்லை. ஐந்தாறு ஆட்டம் ஆடும் லீகில் இரண்டு மஞ்சளுக்கு ஓர் ஆட்டத் தடை நியாயம். மூன்றே சுற்றில் முடியும் நாக்-அவுட்டில் சேர்க்காமல் விடலாம். பெனால்டி ஷூட்-அவுட்டுக்கு ஆட்டத்தின் மஞ்சள் தொடராது என்பது விதியிலேயே உள்ளது: ஆட்டத்தில் ஒன்று, ஷூட்-அவுட்டில் ஒன்று வாங்கினால் சிவப்பு ஆகாது. இது தெரியாமல் கோல்கீப்பரை வெளியேற்றிவிட்டுத் தவிப்பதுண்டு.

3. குறைந்தபட்ச ஆட்டக்காரர்: 11 பேர் ஆட்டத்தில் ஓர் அணியில் 7 பேருக்குக் கீழ் போனால் ஆட்டம் தொடரக் கூடாது. நம் ஊரில் பாதி டோர்னமென்ட் செவன்ஸ், அதாவது அணிக்கு 7 பேர். அந்த விதியை அப்படியே வைத்தால் ஒரு சிவப்பு அட்டையிலேயே ஆட்டம் முடிந்துவிடும்! செவன்ஸுக்கு 4 அல்லது 5 என்று எழுதி வைக்க வேண்டும்.

4. டீம் வெளியேறினால்: கைவிடப்பட்ட ஆட்டம், போட்டி விதிமுறையோ நடத்துபவர்களோ வேறு விதமாகச் சொல்லாவிட்டால், மறுபடி ஆடப்பட வேண்டும் என்கிறது ஏழாவது விதி. எதுவும் எழுதாத டோர்னமென்டில், 0-3 என்று பின்தங்கிய டீமை வெளியே அழைத்த கோச் மறு ஆட்டம் கேட்கலாம். விழாக்குழு வேறு முடிவு எடுக்காதவரை புத்தகம் அவர் பக்கம். ‘நடுவர் அழைத்தும் 5 நிமிடத்துக்குள் திரும்பாத அணி தோற்றதாகக் கருதப்படும்’ என்று ஒரு வரி இருந்தால் இந்தப் பேச்சே எழாது.

5. முறையீடு: யார், எவ்வளவு நேரத்துக்குள், எவ்வளவு வைப்புத்தொகையோடு, எழுத்தில். ஆள் மாறி அட்டை காட்டியது, விதியையே தவறாகப் பயன்படுத்தியது, வயதுச் சான்று ஆகியவற்றைக் கேட்கலாம். ‘அது ஆஃப்சைடு’ என்ற முறையீட்டை வாங்கவே கூடாது, வீடியோ இருந்தாலும்.

6. யார் தீர்மானிப்பது: இரு அணிகளையும் சேராத மூன்று பேர். நடுவரின் அறிக்கை வந்த பின், அந்த அணியின் அடுத்த ஆட்டத்துக்கு முன் கூடி முடிவை எழுத்தில் கொடுக்க வேண்டும். பரிசுத்தொகை உபயதாரரை இதில் உட்கார வைப்பது வம்பு.

7. தோற்ற அணியின் தடை: இதுதான் பெரிய ஓட்டை. நாக்-அவுட்டில் எதிராளியை அடித்து வெளியேறிய பையனின் அணியும் தோற்றுவிட்டால், அவன் அனுபவிக்க அந்த டோர்னமென்டில் ஆட்டமே மீதமில்லை. அடுத்த வாரம் பக்கத்து ஊர் டோர்னமென்டில் வேறு அணியின் ஜெர்சியில் நிற்பான். மாவட்டச் சங்கத்தில் பதிவான போட்டியென்றால் தடை விவரத்தைச் சங்கத்துக்கும், பள்ளி அணியென்றால் தலைமையாசிரியருக்கும், அறிக்கையின் நகலோடு அனுப்ப வேண்டும். பதிவாகாத போட்டிகள் குறைந்தபட்சம் ஒன்று செய்யலாம்: சுற்றுவட்டாரத்தில் அந்தக் கோடையில் டோர்னமென்ட் நடத்தும் குழுக்கள் தங்களுக்குள் தடைப் பட்டியலைப் பகிர்ந்துகொண்டு, பதிவின்போதே சரிபார்ப்பது. பட்டியலில் பெயர், பிறந்த தேதி, தடை முடியும் நாள் மட்டும் இருந்தால் போதும். குற்றத்தை விவரித்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது சிறுவர் விஷயத்தில் கூடவே கூடாது.